தாகமில்லாத மண்

என் ஓரகத்தி ஜிபாரின் வயலில் மண் உயிரோடு இருக்கிறது என்று அரசாங்கமே வந்து அறிவித்த நாளிலிருந்து எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. என் வயலில் மண் செத்துவிட்டது என்று அதே அரசாங்கம் அதே மூச்சில் சொன்னதையாவது பொறுத்துக்கொண்டேன். அவளுடையது உயிரோடு இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

மாமனார் போன பிறகு அண்ணன் தம்பி இருவரும் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு, அந்தப் பக்கம் அவர்களுக்கு. என் கணவர் இசாபெக் மூத்தவர். டிராக்டர் வைத்து ஊருக்கே உழுது கொடுக்கிறவர். இளையவன் மாமத் மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். ஜிபார் தனியாக இருந்தாள். எங்கள் தலாஸ் பள்ளத்தாக்கில் எல்லோரையும் போல நாங்களும் வெள்ளைப் பீன்ஸ்தான் போடுகிறோம். நான் மேலும் கீழுமாக மூன்று தடவை உழ வைப்பேன். பயிர் தலைகாட்டியதும் மண்டியிட்டு ஒவ்வொரு களையாகப் பிடுங்குவேன். என் வயலைப் பார்த்தால் வாரிய தலை மாதிரி இருக்கும்.

அவள் வயலைப் பார்த்தால் அப்போதுதான் படுக்கையிலிருந்து எழுந்த தலை. போன வருஷம் வசந்தத்தில், மூத்தவள் என்ற கடமைக்குக் கேட்டேன்.

"டிராக்டரை அனுப்பட்டா ஜிபார்? மாமத் இல்லைன்னு நிலத்தைப் போட்டுடாதே."

"வேணாம்க்கா. மண்ணு பாட்டுக்குக் கிடக்கட்டும். அதை எழுப்பினா அப்புறம் நானும்ல எழுந்திருக்கணும்."

முந்தின வருஷத்து அறுவடைத் தாளெல்லாம் அப்படியே கிடந்தது. அதன் நடுவே குச்சியால் குத்திக் குத்தி விதையை ஊன்றினாள். தானாக முளைத்த குதிரைமசால் தீவனத்தைப் பிடுங்கவில்லை. அறுப்பு முடிந்ததும் ஊரான் ஆடுகள் உள்ளே புகுந்தால், "தின்னுட்டுப் போட்டுட்டுத்தானே போகுது" என்பாள். ஊரே சிரித்தது. நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

இந்த இடத்தில் மண் மீட்பு இயக்ககம் வருகிறது. மலையில் பனி வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டிருக்கிறது. ஜூலையில், பீன்ஸ் பூக்கிற நேரம் பார்த்து, ஆறு மெலிந்துவிடுகிறது. உழாமல், மண்ணை மூடி வைத்து, ஆடு மாட்டை மேயவிட்டு, எருவை நிலத்துக்கே திருப்பிக் கொடுத்தால், மண் ஈரத்தைப் பிடித்து வைக்குமாம். காற்றில் இருக்கும் கரியையும் இழுத்து உள்ளே போட்டுக்கொள்ளுமாம். உண்மையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இதைச் செய்ய ஆடும் எருவும் போதாது என்று தலைநகரில் யாருக்கோ தோன்றியதால், ஓர் இயக்ககமும், அதற்கு ஒரு மாடிக்கட்டடமும், கட்டடத்துக்குள் இயக்குநர் அசானோவும் ஏற்பட்டார்கள்.

இயக்குநரின் கார் டயர் ஜிபாரின் வயலுக்கு நேரே வெடித்தது. டிரைவர் டயர் மாற்றும் நேரத்தில் இயக்குநர் அவசரமாக ஒதுங்க இடம் தேடினார். என் வயலில் ஆள் மறைகிற மாதிரி ஒரு செடி கிடையாது. அவள் வயலில் இடுப்பளவு களை. உள்ளே போனவர் வெகு நேரம் வரவில்லை. வந்தபோது முகமே வேறு மாதிரி இருந்தது.

"கால் உள்ள போகுது," என்றார். "மெத்து மெத்துன்னு உள்ள போகுது. மண்ணுக்கு உயிர் உண்டுன்னு இருபது வருஷமா அறிக்கை எழுதிட்டு வர்றேன். நேர்ல பாக்கறது இதுதான் முதல் தடவை. யார் நிலம் இது?"

ஜிபாரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தாள். உழாமல் விட்டதன் பின்னணியில் இருந்த தத்துவம் என்ன என்று இயக்குநர் கேட்டார். "அலுப்பா இருந்துச்சுங்க" என்றாள். உதவியாளர் அதை எழுதிக்கொண்டார். மறு வாரம் அது இயக்ககத்தின் வாசலில் பெரிய எழுத்தில் பலகையாக வந்துவிட்டது: மண்ணின் அலுப்பை மதிப்போம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை. குறுக்கே போய் நின்று, "ஐயா, பக்கத்து வயல் என்னுது. வந்து பாருங்க, ஒரு களை காட்டுங்க பாப்போம்" என்றேன். இயக்குநர் என் வயலைப் பார்த்தார். உடனே கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"அம்மா, வீட்டுக்கு வந்த மருமகளை மாமனார் முன்னால முக்காடு இல்லாம நிறுத்துவீங்களா?"

"அதெப்படிங்க?"

"மண்ணை மட்டும் இப்படிப் பட்டப்பகல்ல அம்மணமா நிறுத்தி வெச்சிருக்கீங்களே."

அந்தச் சொல்லுக்குப் பிறகு ஊரில் என்னைக் கண்டால் பெண்கள் தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள்.

ஜிபாரின் மண் முதல்தரம், என்னுடையது கடைசித்தரம் என்று தீர்ப்பாயிற்று. வெறும் பெயரோடு நின்றிருந்தால் கூட சகித்திருப்பேன். வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துத் திருப்பிவிடும் நீர்க்கட்டி செரிக்குக்கு உத்தரவு வந்தது: ஜூலைத் தண்ணீர் முதலில் முதல்தர மண்ணுக்கு. செரிக் நல்லவன், ஆனால் உத்தரவு என்றால் உத்தரவு. ஊரெல்லாம் சுற்றி என் மடைக்குத் தண்ணீர் வந்தபோது என் பீன்ஸ் பூவெல்லாம் கொட்டித் தரையில் கிடந்தது. அந்த வருஷம் அறுத்ததைத் தூக்கி வண்டியில் வைக்க ஆள் கூடத் தேவைப்படவில்லை. இன்னொரு வருஷம் இப்படிப் போனால் நிலத்தை வைத்துக்கொண்டு பயனில்லை, நாமும் மாமத் மாதிரி மாஸ்கோ பஸ் ஏற வேண்டியதுதான் என்றார் இசாபெக்.

அதைவிட மோசம், தரம் அறிவித்த நாளில் இயக்ககம் வைத்த விருந்து. எங்களில் ஆடு அடித்தால் எந்த எலும்பு யாருக்கு என்பது தகராறே இல்லாத விஷயம். வயசுப்படி, முறைப்படி தட்டில் வரும். பெண்களில் மூத்தவளுக்குக் கொழுப்போடு வால்பக்கத் துண்டு. எங்கள் குடும்பத்தில் அது எனக்குத்தான். அன்று இயக்குநர் எழுந்து, இனிமேல் எலும்பும் மண்ணின் தரப்படிதான் என்று அறிவித்தார். துண்டு என் மூக்குக்கு முன்னால் கடந்துபோய் ஜிபாரின் தட்டில் உட்கார்ந்தது. நேற்று வந்த மருமகளுக்குக் கொடுக்கிற முன்னங்கால் எலும்பு எனக்கு வந்தது. அதில் இறைச்சி இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. அவள் சப்பும் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஆகஸ்டில் ஒரு மத்தியானம், அவள் வீட்டுக்குள் இருந்த நேரமாகப் பார்த்து, வாய்க்காலைத் தாண்டி அவள் வயலில் களைக்கு அடியில் கையை விட்டேன். வெயில் அந்தக் கொளுத்து கொளுத்துகிறது. உள்ளே மண் சில்லென்று இருந்தது. என் பக்கம் வந்து கையை விட்டேன். விரல்தான் வலித்தது. வயிறு எரிகிறது என்று சும்மா சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு நிஜமாகவே எரிந்தது.

இந்த வருஷம் முதல்தரம் நான்தான் என்று முடிவு செய்தேன். தண்ணீருக்காக என்றுதான் இசாபெக்கிடம் சொன்னேன்.

"அப்போ இந்த வருஷம் உழ வேணாமா?" என்று கேட்டார், எங்கேயோ அடிபட்ட மாதிரி.

"வேணாம்" என்றேன். ஆனால் வசந்தம் வந்து என் நிலத்தில் முதல் களை எட்டிப் பார்த்தபோது என் கை தானாக அதைப் பிடுங்கப் போனது. இரண்டு நாள் பொறுத்தேன். பிறகு ஒரு விடியற்காலையில் நானே போய் அவரை எழுப்பினேன். சாலை ஓரமாக ஒரு பட்டையை மட்டும் விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் உழுதுவிட்டார். அதில் ஒன்றும் ஆபத்தில்லை என்று எனக்குத் தெரியும். இயக்ககத்தார் உயிருள்ள மண்ணைச் செருப்புக் காலால் மிதிக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் போடும் நீல பிளாஸ்டிக் உறையைக் காலில் மாட்டிக்கொண்டுதான் வயலில் இறங்குவார்கள். அந்த உறை எப்போதும் இயக்குநருக்கே போதாது. அதனால் பார்வையிடுதல் எல்லாம் சாலை ஓரத்தோடு முடிந்துவிடும். கிழிந்த உறைகள் மட்டும் வயலுக்குள் பறந்து போகும்.

அன்று மதியமே உழாமைத் தொடக்க விழா. விழாவுக்கு ஒரு டிராக்டர் வேண்டும் என்று இசாபெக்கின் டிராக்டரைத்தான் கேட்டு வாங்கினார்கள். கலப்பையில் காலையில் ஒட்டிய சேறு இன்னும் காயவில்லை. அதன் மேலேயே சிவப்பு நாடா கட்டினார்கள். இயக்குநர் ஏறி உட்கார்ந்து, இன்ஜினைக் கிளப்பி, உழாமல் இருந்தார். புகை குபுகுபுவென்று வந்தது. படம் எடுக்கிறவர்கள் எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்து முடிக்கும்வரை உழாமலே இருந்தார். இறங்கியதும் கைதட்டல்.

"நான் நினைச்சிருந்தா உழுதிருக்க முடியும்," என்றார் ஒலிபெருக்கியில். "எனக்கு அதிகாரம் இருந்துச்சு, டீசலும் இருந்துச்சு. ஆனாலும் ஒண்ணுமே செய்யலை. எங்க இயக்ககம் தொடங்கின நாள்லேர்ந்து இதைத்தான் செஞ்சுட்டு வருது."

பிறகு தரம் பார்க்கும் முறையை விளக்கினார்கள். அதற்குத்தான் பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். ஆளுக்கொரு வெள்ளைப் பருத்தி ஜட்டி. ஆண்களுடையது, எல்லாம் ஒரே அளவு, அந்த அளவுக்கு எங்கள் மாவட்டத்தில் ஆள் கிடையாது. அதை வயலில் புதைத்து ஜூலையில் தோண்டி எடுக்க வேண்டும். உயிருள்ள மண்ணில் புழுவும் பூச்சியும் துணியைத் தின்றுவிடும். செத்த மண்ணில் அப்படியே இருக்கும். வெளிநாட்டிலெல்லாம் இப்படித்தானாம்.

ஜிபார் அதைக் கையில் வாங்காமல் நின்றாள்.

"ஐயா, வெள்ளைத் துணியை மண்ணுக்குள்ள வெக்கறது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரர் தூர தேசத்துல சாரத்து மேல நின்னு வேலை பாக்கறாரு. அவர் போடற துணியை நானே குழி வெட்டிப் புதைக்கணுமா?"

உதவியாளர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்து, "இது வெள்ளை இல்லம்மா. வெளிர் நிறம்னுதான் கொள்முதல்ல இருக்கு" என்றார்.

அன்று மாலை அவள் என்ன செய்தாள் என்று வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். துணியை நன்றாக மடித்தாள். மாவு வாங்கி வந்த பாலித்தீன் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, குழந்தையைக் கிடத்துவது போலக் குழியில் வைத்தாள். மண் ஒரு துளி படாது. மாமத்துக்கு ஒன்றும் ஆகாது. பாவமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதோடு அவள் தோற்றுவிட்டாள் என்பதும் புரிந்தது. வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்து ரொட்டி சுட்டேன். நன்றாக வந்தது.

என் குழியைச் சாலை ஓரப் பட்டையில் வெட்டினேன். குளிர்காலத்துக்கு எரிக்க வைத்திருந்த சாண வறட்டியில் மிச்சமிருந்த அத்தனையையும் உடைத்துக் கொட்டினேன். மோர் ஊற்றினேன். வைக்கோலால் மூடினேன். ஆட்டை அங்கேயே கட்டிப் போட்டேன். வீட்டுக் கிணற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினேன். ஜூன் முடிவதற்குள் மீதி வயல் காய்ந்து வெடித்து, பீன்ஸ் இலைகள் ஓரம் சுருள ஆரம்பித்தன. "அந்தத் தண்ணியைப் பயிருக்காவது ஊத்தேன்" என்றார் இசாபெக். "இந்தக் குழி ஜெயிச்சா ஆறே நம்ம பக்கம் வரும், பேசாம இருங்க" என்றேன்.

ஜூலை வந்தது. பீன்ஸ் பூக்கத் தொடங்கியிருந்தது. சாலை ஓரத்தில் கூடாரம் போட்டு ஆடு அடித்தார்கள். முதலில் ஜிபாரின் குழி. பையை அவிழ்த்து இயக்குநர் துணியை எடுத்து உதறிக் காற்றில் பிடித்தார். கடையில் வாங்கியது போலப் பளிச்சென்று இருந்தது.

"பாருங்க," என்றார், கண் கலங்கி. "அரசாங்க உடைமை ஒண்ணை நம்பி ஒப்படைச்சோம். ஒரு கறை இல்லை, ஒரு கிழிசல் இல்லை. இவ்வளவு பொறுப்பாக் காப்பாத்திக் குடுத்த இந்த மண்ணை..." உதவியாளர் காதில் ஏதோ சொன்னார். இயக்குநரின் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "...செத்த மண்ணுன்னு வருத்தத்தோட அறிவிக்கிறேன்."

என் குழியில் இடுப்பு எலாஸ்டிக் மட்டும் கிடைத்தது. அதை அவர் விரலில் மாட்டி எல்லோருக்கும் காட்டினார். கைதட்டினார்கள். நான் ஜிபாரைப் பார்த்தேன். அவள் இயக்குநர் கீழே போட்ட தன் துணியை எடுத்துத் தட்டி மடித்துக்கொண்டிருந்தாள். தோற்றவள் முகம் மாதிரியே இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

விருந்தில் வால்பக்கத் துண்டு என் தட்டில் வந்து இறங்கியது. கொழுப்பு பளபளத்தது. கத்தியால் ஒரு துண்டு அரிந்து வாயில் வைத்தேன். அப்போதுதான் இயக்குநர் இந்த வருஷத்துத் தண்ணீர் உத்தரவை வாசித்தார்.

"உயிருள்ள மண் தன் ஈரத்தைத் தானே பிடிச்சு வெச்சுக்கும். அதனால முதல்தர மண்ணுக்கு ஜூலைத் தண்ணி கிடையாது. கடைசித்தர மண்ணுக்கே முதல் தண்ணி."

செரிக் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தான். இரண்டு பேர் என் வயல் முனையில் ஒரு பலகையை நட்டார்கள். 'இந்த மண்ணுக்குத் தாகம் கிடையாது.' வாயில் இருந்த கொழுப்பு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"ஐயா," என்றேன் எழுந்து. "போன வருஷம் முதல்தரத்துக்குத்தானே முதல் தண்ணி?"

"போன வருஷம் தண்ணி பரிசு. இந்த வருஷம் தண்ணி மருந்து. நல்லா இருக்கறவங்க மருந்து கேக்கலாமா?"

"என் மண்ணுக்கும் சீக்குதான் ஐயா. வெடிச்சுக் கிடக்கு."

"கவனிச்சீங்களா," என்று கூட்டத்தைப் பார்த்தார். "முதல்தர மண்ணு வெச்சிருக்கறவங்களுக்கு இந்த அடக்கம் தானா வந்துடும்."

"அடக்கமெல்லாம் இல்லைங்க. நிஜமாவே மோசமான மண்ணு. எனக்குத் தரத்தைக் குறைச்சுக் குடுங்க."

மறுபடியும் கைதட்டினார்கள். தரம் குறைக்கும் மனுக்களை அக்டோபரில் வாங்குவோம் என்றார் உதவியாளர். அக்டோபரில் என் பீன்ஸ் இருக்காது. அதற்கு முன்னாலேயே நாங்கள் பஸ்ஸில் இருப்போம். உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது ஜிபார் எழுந்தாள். தேநீர்க் கிண்ணத்தைக் கீழே கூட வைக்கவில்லை.

"அவங்களாவது அடக்கமாவது. அந்தக் குழியை மட்டும்தான் ஐயா மாப்பிள்ளை மாதிரி கவனிச்சாங்க. ரோட்டோரத்தை விட்டுட்டு மிச்சமெல்லாம் விடியக்காலையில உழுதாச்சு. உள்ள நாலு எட்டு நடந்து பாருங்க, அம்மணமாத்தான் கிடக்கு."

கூடாரமே என்னைப் பார்த்தது. பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம், என் பூமிக்கு அந்தத் தெம்பு கூட இல்லை. இயக்குநர் தன் காலைப் பார்த்தார். நீல உறை தீர்ந்திருந்தது.

"கடைசித்தர மண்ணோட சாட்சியை முதல்தர மண்ணுக்கு எதிரா எடுத்துக்க முடியாது" என்றார்.

"நான்தாங்க உழுதேன்," என்றார் இசாபெக், வாயில் இறைச்சியோடு. யாரும் அவரைக் கேட்கவில்லை. "நல்லா ஆழமாவே உழுதேன். அன்னிக்கு நீங்க உக்காந்தீங்களே, அதே டிராக்டர்தான்."

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பலகையைப் பிடுங்கினார்கள். என் மண் கடைசித்தரம், ஜிபாரோடு சமம். முதல்தரம் காலியாக இருக்கக் கூடாது என்பதால் அதை இயக்கக வாசலில் இருக்கும் பூந்தொட்டிக்குக் கொடுத்தார்கள். தொட்டியின் சார்பில் இயக்குநரே என் தட்டிலிருந்து வால்பக்கத் துண்டை எடுத்து, நான் அரிந்த இடத்திலிருந்தே கடித்தார். பெண்களுக்குரிய துண்டை அவர் ருசித்துச் சாப்பிட்டதைப் பார்த்து ஆண்கள் தொப்பியைச் சரிசெய்யும் சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் செரிக் தண்ணீரை எங்கள் வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டான். நான் இந்தக் கரையில், அவள் அந்தக் கரையில். முறைப்படி ஆளுக்குப் பாதி.

"சபை நடுவுல என் மானத்தை வாங்கிட்டியே ஜிபார்."

"ஆமாக்கா."

"தண்ணிக்காக சொன்னியா, என்னைக் கீழ இறக்கணும்னு சொன்னியா?"

"ரெண்டுக்கும்தான்."

நான் மடையைத் திறந்தேன். வெடிப்புகளுக்குள் தண்ணீர் சளசளவென்று இறங்கிக்கொண்டே இருந்தது, பாத்தி நிறைகிற வழியாகவே காணோம். என் பங்கு முதல் வரிசையைத் தாண்டாது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அந்தப் பக்கம் அவள் களைக்குள் குனிந்து கையை மண்ணில் விட்டுப் பார்த்தாள். பிறகு தன் மடையில் மூன்று மண்வெட்டி மண்ணைப் போட்டு அடைத்தாள்.

"என்னடி செய்யறே?"

"எனக்குப் போதும்க்கா. ஏற்கெனவே ஈரமாத்தான் இருக்கு. நீங்க எடுத்துக்கோங்க."

சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள். போதும் என்கிற அந்த வார்த்தை என் வாயில் ஒரு தடவையாவது வந்திருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். தண்ணீர் முழுக்க என் பக்கம் திரும்பி, ஒவ்வொரு வரிசையாக ஏறத் தொடங்கியது. வயிறு எரிய எரிய நின்று, என் பயிர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.